மலை இறங்கி ஏறும் டர்போ கார் ஆயில் குடிக்கிறது: டர்போவா, ரிங்கா, வேறு ஏதாவதா?

மூடுபனி, கோத்தகிரி

வணக்கம் நண்பர்களே. வண்டி 1.4 லிட்டர் பெட்ரோல் டர்போ, நேரடி இன்ஜெக்ஷன், மேனுவல் கியர். கம்பெனி பெயரைப் போட்டால் இழை முழுக்க அந்தச் சண்டைதான் ஓடும், அதனால் போடவில்லை. 90,000 கி.மீ. தாண்டிவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே மாடிஃபை செய்த வண்டி: ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மேப்பைத் திருத்தி சக்தியைக் கூட்டுவது), பெரிய இன்டர்கூலர் (டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விப்பது), கோன் ஃபில்டர், பளபளவென்று ஒரு அலுமினிய கேட்ச் கேன் (இன்ஜினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா). டர்போ மட்டும் கம்பெனி டர்போவே.

1000 கி.மீ.க்கு முக்கால் லிட்டருக்கு மேல் ஆயில் காணாமல் போகிறது. தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. கூலன்ட் குறையவில்லை. இழுவையிலும் குறை சொல்ல முடியாது. மேட்டுப்பாளையம், கோவை என்று வாரம் தவறாமல் இறங்கி ஏறுகிற வண்டி.

கோவையில் ஒரு கராஜில் இன்டர்கூலர் குழாயைக் கழற்றினார்கள், உள்ளே ஆயில் ஈரம். டர்போ போச்சு என்கிறார்கள். ஊட்டியில் ஒரு பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்தார்கள். நாலு சிலிண்டரிலும் 138, 140, 137, 141 பி.எஸ்.ஐ. கையேட்டில் 170 இருக்க வேண்டும், பிஸ்டன் ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும் என்கிறார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் பெரிய செலவு. எதிலிருந்து தொடங்குவது?

பழைய இரும்பு, மேட்டுப்பாளையம்

குழாயில் ஆயில் வந்தால் டர்போ சீல்தான். ரீமேப் போட்ட வண்டிக்கு இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். டர்போவை மாற்றிவிட்டு மேப்பையும் பழையபடி போடுங்கள்.

ஸ்பானர் செட், குன்னூர்

தம்பி, எதையும் இறக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்க.

முதலில் அந்த கம்ப்ரஷன் கணக்கு. ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். சிலிண்டர் இழுக்கிற காற்றே குறைவு என்றால் கேஜ் எப்படி 170 காட்டும்? கையேட்டு எண்ணில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 136. உங்கள் நாலு சிலிண்டரும் அதற்கு மேலேதான் நிற்கின்றன, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமும் இல்லை. சமவெளிக் கணக்கை மலையில் வைத்துப் பார்த்து நல்ல இன்ஜினைப் பிரித்துப் போட்ட கதை இங்கே நிறைய உண்டு.

ஆனால் கம்ப்ரஷன் சரியாக இருப்பதால் ரிங் மொத்தமும் சரி என்றும் சொல்லிவிட முடியாது. மேலே உள்ள இரண்டு ரிங்குகள்தான் கம்ப்ரஷனைப் பிடிப்பவை. மூன்றாவது ரிங் போரிலிருந்து ஆயிலை வழித்து இறக்குவது. அது கரி பிடித்துப் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் கேஜும் காட்டாது, சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவு பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட்டும் காட்டாது. அதற்கு பிளக் துளை வழியாக கேமரா விட்டு பிஸ்டன் தலையைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து டர்போ. அதற்குள் சீல் என்று நாம் சொல்வது ரப்பர் கிடையாது, சின்ன இரும்பு வளையம். ஆயிலை அது அடைத்துப் பிடிப்பதில்லை. இரண்டு பக்கமும் இருக்கிற காற்றழுத்தமும், உள்ளே வந்த ஆயில் தேங்காமல் சம்ப்புக்கு (இன்ஜினடி ஆயில் தொட்டிக்கு) வடிந்துவிடுவதும்தான் அதை உள்ளே வைத்திருக்கின்றன. வடிகுழாயில் பம்ப் எதுவும் இல்லை, ஆயில் தன் எடையில் விழ வேண்டியதுதான். கிராங்க் கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள இன்ஜின் அறைக்குள்) அழுத்தம் ஏறிவிட்டால் விழாது. விழாத ஆயில் கம்ப்ரஸர் பக்கமோ டர்பைன் பக்கமோ வழிந்துவிடும். அந்த நிலையில் புது டர்போ போட்டாலும் அடுத்த மாதம் அதுவும் ஒழுகும்.

ஃபில்டர் குழாயைக் கழற்றி டர்போ தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, சக்கரம் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ, அது வேறு பேச்சு.

புகை எப்போது வருகிறது? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

மூடுபனி, கோத்தகிரி

தண்டை ஆட்டிப் பார்த்தேன் அண்ணா. பக்கவாட்டில் நூலளவு, முன்னும் பின்னும் எதுவும் இல்லை. உரசல் தடமும் இல்லை.

புகை: காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு மூச்சு, நீலமாக. ஏற்றத்தில் நன்றாக மிதித்து ஏறினாலும் கண்ணாடியில் எதுவும் தெரிவதில்லை. மலை இறங்கி முடித்து, சமவெளியில் முதல் முறை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறேன் பாருங்கள், அப்போது பின்னால் ஒரு நீலப் படலம். பின்னால் வரும் பைக்காரர் துண்டை மூக்கில் வைத்துக்கொள்கிறார். அப்புறம் கோவை வரை ஒன்றும் இல்லை.

எழுபத்தேழு, ஊட்டி

கடைசிப் பத்தியிலேயே பாதி விடை இருக்கிறது.

டர்போ கார் ஆயில் குடித்தால் எல்லோரும் பூஸ்ட் (டர்போ காற்றை அமுக்கும் அழுத்தம்) ஏறுகிற நேரத்தையே சந்தேகப்படுகிறோம். மலையில் ஓடும் பெட்ரோல் வண்டிக்கு இறக்கம்தான் பெரிய சோதனை. இரண்டாம் கியரில் இன்ஜின் பிரேக்கில் இறங்கும்போது த்ராட்டில் மூடியிருக்கிறது, இன்ஜின் மூவாயிரம் நாலாயிரத்தில் சுற்றுகிறது. மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்று பிரியும் குழாய்க்குள்) அழுத்தம் 25, 30 கிலோபாஸ்கலுக்கு விழுந்துவிடும். வால்வு தண்டின் சீல் இறுகிப்போயிருந்தால் ஹெட்டில் நிற்கும் ஆயிலை அந்த உறிஞ்சல் உள்ளே இழுக்கும். ஆயில் ரிங் சோர்ந்திருந்தால் கீழிருந்தும் இழுக்கும். இறங்குகிற முப்பது சொச்சம் கிலோமீட்டரும் இழுத்து இழுத்துச் சேர்ந்தது, மேட்டுப்பாளையத்தில் மிதித்ததும் மொத்தமாக எரிகிறது.

இன்னொன்று. கோத்தகிரியில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 82. மேட்டுப்பாளையத்தில் 97, 98. மேனிஃபோல்டு அதே 25, 30தான். அப்படியானால் குஞ்சப்பனை தாண்டிக் கீழே வர வர உறிஞ்சும் வலு கூடிக்கொண்டே போகிறது. அடிவாரத்தில் புகை அதிகம் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்றத்தில் வேறு கதை. ரீமேப் மேனிஃபோல்டில் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து 2 பார் கேட்கிறது என்று வையுங்கள். கடலோரத்தில் டர்போ காற்றை இரண்டு மடங்கு அமுக்கினால் போதும். ஊட்டியில் 2.6 மடங்கு அமுக்க வேண்டும். சக்கரம் அந்த அளவுக்கு வேகமாகச் சுற்றியாக வேண்டும். கம்பெனி மேப் உயரம் ஏற ஏற பூஸ்டைக் குறைத்துக்கொள்ளும். சமவெளியில் உட்கார்ந்து எழுதிய மேப்பில் அந்தக் காப்பை எடுத்துவிட்டிருந்தால் டர்போவின் ஆயுள் குறையும். மேப் எழுதியவரிடம் இதைக் கேளுங்கள்.

ஒண்ணாம் கியர், மசினகுடி

எங்கள் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி. இறக்கம் பற்றி எழுபத்தேழு சொன்னது முழுக்கச் சரி. ஏற்றம் பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன்.

ரீமேப் போட்டவர்கள் டார்க் (இழுவிசை) இருக்கிறதே என்று மூன்றாம் கியரிலேயே 1500 சுற்றில் அழுத்தி ஏறுவார்கள். நேரடி இன்ஜெக்ஷன் டர்போவில் அது ஆகாது. குறைந்த சுற்றில் முழு பாரம் ஏற்றினால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றும். சிலிண்டருக்குள் போகிற ஆயில் துளிகளே அதற்குப் பொறி ஆகலாம். ஆயில் குடிக்கிற வண்டியில் அபாயம் இன்னும் கூடுதல். ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடைந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சிக்கலுக்காகத்தான் ஆயில் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏ.பி.ஐ. 2018இல் எஸ்.என். பிளஸ், 2020இல் எஸ்.பி. என்று ஆயில் தரத்தை மாற்றியது. டப்பாவில் எஸ்.பி. இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து 2500க்கு மேல் வைத்து ஏறுங்கள்.

தேயிலைத் தராசு, கட்டபெட்டு

எல்லாம் சரி, முக்கால் லிட்டர் என்று எப்படி அளந்தீர்கள்? மலையில் டிப் ஸ்டிக் மாதிரிப் பொய் சொல்கிற பொருள் இல்லை. வீட்டு வாசலே சரிவு. வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் ஒரு அளவு, திருப்பி நிறுத்தினால் வேறு அளவு.

குளிருக்கும் இதில் பங்கு உண்டு. காலையில் குளிர்ந்த இன்ஜினில் பால் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம். இன்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். நேரடி இன்ஜெக்ஷனில் எரியாத பெட்ரோல் போர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. நீராவியும் சேர்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மஞ்சள் வெண்ணெய் அப்பியிருக்கும். அதைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் போச்சு என்று பதறுவார்கள், கூலன்ட் குறையாவிட்டால் பெரும்பாலும் குளிரின் வேலைதான். இப்போது டிப் ஸ்டிக் அளவு குறையாது, கூடக்கூடச் செய்யும். அப்புறம் ஒரு நாள் கோவை, ஈரோடு என்று வெயிலில் நெடுஞ்சாலை ஓடினால் பெட்ரோலும் தண்ணீரும் ஆவியாகி, பிசிவி (கிராங்க் கேஸ் ஆவியை இன்ஜினின் காற்று வழிக்கே திருப்பி விடும் வால்வு) வழியாகப் போய்விடும். அளவு சட்டென்று இறங்கும். ஒரே பயணத்தில் அரை லிட்டர் குடித்துவிட்டது என்று தோன்றும். மாதக்கணக்கில் மறைந்திருந்த குறைவுதான் அன்று வெளியே தெரிகிறது.

ஆகவே எடை போடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஆயிலை முழுக்க வடித்து, புது ஆயிலை எடை போட்டு ஊற்றுங்கள். நடுவில் ஊற்றுவதையும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். 1000 கி.மீ. கழித்து மறுபடி சூடாக வடித்து எடை. லிட்டருக்கு ஏறக்குறைய 850 கிராம். கேட்ச் கேனில் சேர்வதையும் தனியாக எடை போட வேண்டும், அது எரிந்த கணக்கில் வராது. கடைசி வாரம் குளிர்ந்த சின்ன ஓட்டங்களைத் தவிர்த்தால் கணக்கு இன்னும் சுத்தம்.

சில கம்பெனிகள் 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று கையேட்டிலேயே போட்டிருக்கின்றன. அது வாரன்டி கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பப் போட்ட எண் என்பது என் கருத்து. ஆரோக்கியமான இன்ஜின் அவ்வளவு குடிக்காது.

புதுச்சாவி, வெலிங்டன்

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் புகை தெளிவாகத் தெரியும், கண்டுபிடிப்பது சுலபம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

ஸ்பானர் செட், குன்னூர்

வேண்டவே வேண்டாம். கன்வெர்ட்டர் கொஞ்சம் புகையை எரித்து மறைக்கிறது என்பது உண்மை, அதனால் புகை இல்லை என்பதை வைத்து ஆயில் எரியவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைக் கழற்றி ரோட்டில் ஓட்டுவது சட்டப்படி தப்பு, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. ஆயில் எரிய எரிய அதிலுள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டியது.

மூடுபனி தம்பி, அடுத்து கிராங்க் கேஸ் அழுத்தம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். மீன் தொட்டிக்கு வாங்குகிற கண்ணாடி மாதிரியான குழாய் இரண்டு மீட்டர். ஒரு பலகையில் யூ வடிவில் கட்டி, பாதி வரை தண்ணீர் ஊற்றி, தெரிவதற்குக் கொஞ்சம் மை விடுங்கள். ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயில் இறுக்கிச் செருகுங்கள், இடுக்கில் காற்று போகக் கூடாது. மறுமுனை திறந்தே இருக்கட்டும். இன்ஜின் சூடானதும் ஐடிலில் தண்ணீர் இன்ஜின் பக்கமாகக் கொஞ்சம் ஏற வேண்டும். ஏறினால் உள்ளே உறிஞ்சல் இருக்கிறது, நல்லது. தண்ணீரே குழாய் வழியாக உள்ளே போகிற அளவுக்கு இழுத்தால் உடனே நிறுத்துங்கள், பிசிவி டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. வெளிப்பக்கம் தள்ளினால் உள்ளே அழுத்தம் சேர்கிறது.

அந்த அலுமினிய டப்பா இருக்கும்போது ஒரு அளவு, அதை விலக்கிக் கம்பெனி ஹோஸை நேராக மாட்டி ஒரு அளவு. இரண்டும் வேண்டும்.

பழைய இரும்பு, மேட்டுப்பாளையம்

மீன் தொட்டிக் குழாயை வைத்தெல்லாம் டர்போ வைத்தியமா! சரி, பார்ப்போம்.

மூடுபனி, கோத்தகிரி

பார்த்தாச்சு. கேட்ச் கேனோடு ஐடிலில் தண்ணீர் வெளிப்பக்கம் இரண்டு விரல் தள்ளி நின்றது. 3000க்கு ஏற்றினால் குழாய் வாய் வழியாக மை தெளித்தது. டப்பாவை விலக்கிக் கம்பெனி ஹோஸை மாட்டினேன். அதே சூட்டில் தண்ணீர் உள்பக்கம் திரும்பி, அமைதியாக நின்றது.

டப்பாவைப் பிரித்தோம். நுழைவாயில் பித்தளை நிப்பிளுக்கு வெளியே பருமனான ஹோஸ், உள்ளே துளை 8 மி.மீ.தான். கம்பெனி ஹோஸின் உள்விட்டம் 19 மி.மீ. அதற்குப் பின்னால் இரும்பு நார் அடைத்திருக்கிறார்கள். அந்த நார் முழுக்க மஞ்சள் வெண்ணெய், விரலால் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. அடியில் தண்ணீரும் ஆயிலுமாகச் சாம்பல் நிறச் சேறு.

தேயிலைத் தராசு, கட்டபெட்டு

உறைபனிக் காலத்தில் அந்த வெண்ணெய் இன்னும் கெட்டியாகும். தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் வண்டி எடுப்பவர் ஒருவருக்கு அழுத்தம் தாங்காமல் டிப் ஸ்டிக்கே எகிறி வந்தது. மலையில் கேட்ச் கேன் வைப்பவர்கள் இன்ஜின் சூடு படுகிற இடத்தில் வையுங்கள், குளிர் மாதங்களில் வாராவாரம் வடியுங்கள். முடியாதென்றால் வைக்காதீர்கள்.

ஸ்பானர் செட், குன்னூர்

8 மி.மீ. துளைக்கும் 19 மி.மீ. துளைக்கும் பரப்பில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ரீமேப் போட்டுப் பூஸ்ட் கூட்டினால் ரிங் வழியாக இறங்கும் காற்றும் கூடும், வெளியே போகும் வழியைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்து வைத்திருக்கிறார்கள். டர்போ வடியாததும் குழாயில் ஆயில் வந்ததும் இதனால்தான். கம்பெனி ஹோஸோடு ஓட்டி எடை போட்டுச் சொல்லுங்க. இறக்கத்துப் புகை நிற்காது என்பது என் கணிப்பு.

மூடுபனி, கோத்தகிரி

அண்ணா சொன்னது அப்படியே. கம்பெனி ஹோஸோடு 1000 கி.மீ. ஓட்டி எடை போட்டதில் 300 கிராம் குறைவு, அதாவது 350 மி.லி. பக்கம். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. துடைத்து மாட்டிய இன்டர்கூலர் குழாய் உலர்ந்தே இருக்கிறது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் அந்த நீலப் புகை இன்னும் வருகிறது, முன்பைவிடக் கொஞ்சம் மெலிதாக.

பிளக் கழற்றியதில் மூன்றாவது மட்டும் மரை வரை ஆயில் ஈரம். கேமரா விட்டுப் பார்த்தோம். நாலு பிஸ்டன் தலையும் ஓரம் வரை ஒரே சீராகக் கரி படிந்து உலர்ந்திருக்கின்றன. மூன்றாவது சிலிண்டரில் இன்லெட் வால்வு இரண்டின் முதுகிலும் தார் மாதிரி ஈரக்கரி. மற்றவற்றில் கரி உலர்ந்து கிடக்கிறது.

எழுபத்தேழு, ஊட்டி

ஆயில் ரிங் விட்டிருந்தால் பிஸ்டன் ஓரம் வட்டமாகக் கழுவியது போல் பளிச்சென்று இருக்கும். ஓரம் வரை உலர்ந்த கரி என்றால் கீழிருந்து ஆயில் வரவில்லை. மேலிருந்து வால்வு தண்டு வழியாக இறங்குகிறது. காலை ஸ்டார்ட்டில் வரும் ஒரு மூச்சுக்கும் கணக்கு சரியாகிறது: இரவெல்லாம் சொட்டியது காலையில் எரிகிறது.

ஸ்பானர் செட், குன்னூர்

இதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. கேம் ஷாஃப்டுகளை எடுத்துவிட்டு, பிளக் துளை வழியாகச் சுத்தமான நைலான் கயிற்றைச் சிலிண்டருக்குள் சுருட்டிச் சுருட்டி விடுவோம், ஒரு முனை வெளியே தொங்கட்டும். கிராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பினால் பிஸ்டன் ஏறி, கயிற்றை வால்வுகளோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். இப்போது ஸ்பிரிங்கை அமுக்கி, லாக் துண்டுகளை எடுத்து, பழைய சீலைப் பிடுங்கிப் புதியதை உட்கார வைக்கலாம். வால்வு உள்ளே விழாது. லாக் துண்டுகளைக் காந்தக் குச்சியால் எடுங்கள், ஒன்று ஆயில் துளைக்குள் விழுந்தால் அன்றைய பொழுது போச்சு. சீலை மாற்றுவதற்கு முன் வால்வு தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைடும் (தண்டு ஓடும் குழல்) தேய்ந்திருந்தால் புது சீல் நிலைக்காது, அப்போது ஹெட் இறக்கித்தான் ஆக வேண்டும்.

மூடுபனி, கோத்தகிரி

வேலை முடிந்தது. மூன்றாவது சிலிண்டரின் பழைய சீல்கள் பிளாஸ்டிக் போல் இறுகி, அழுத்தினால் நொறுங்கின. கைடில் ஆட்டம் இல்லை. பதினாறு சீலும் மாற்றியாச்சு, இன்லெட் வால்வு கரியையும் சுத்தம் செய்தோம். எடைக் கணக்கில் இப்போது 1000 கி.மீ.க்கு நூறு மில்லிகூட வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் மிதித்தால் கண்ணாடியில் ரோடு மட்டும்தான் தெரிகிறது. மேப் எழுதியவரிடம் பேசி உயரத்துக்கேற்பப் பூஸ்ட் குறைகிற மாதிரி திருத்தி வாங்கிவிட்டேன்.

ஆயில் 5டபிள்யூ 30இலிருந்து 5டபிள்யூ 40க்கு மாற்றலாமா?

ஒண்ணாம் கியர், மசினகுடி

கையேடு இரண்டையும் அனுமதித்தால் மாற்றலாம். 30, 40 என்ற எண்களைவிட நோவாக் அளவைப் பாருங்கள். ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்ற சோதனை. எஸ்.பி. தரத்துக்கு 15 சதவீதம் வரை விடுகிறார்கள். 10க்குக் கீழே இருப்பதை வாங்குங்கள், டர்போவுக்கும் நல்லது.

பழைய இரும்பு, மேட்டுப்பாளையம்

டர்போ தப்பித்தது சந்தோஷம். மேப்பைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

மரப்பாலம், கூடலூர்

என்னுடையது டீசல் டர்போ. இதே மாதிரி இன்டர்கூலர் குழாயில் நிறைய ஆயில். வால்வு சீல் மாற்றினால் சரியாகுமா?

ஸ்பானர் செட், குன்னூர்

உங்களுக்கு இந்த இழை பொருந்தாதுங்க. இறக்கத்தில் பெட்ரோல் வண்டி உறிஞ்சுகிற அளவுக்கு டீசலில் வெற்றிடம் கிடையாது, அதனால் வால்வு சீல் முதல் சந்தேகம் இல்லை. கிராங்க் கேஸ் அழுத்தமும் டர்போ வடிகுழாயும் முதலில் பாருங்கள். ஒன்று மட்டும் இன்றைக்கே தெரிந்து வையுங்கள். டீசலில் டர்போ ஆயிலைக் கொட்டினால் இன்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாகச் சுற்று ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆனால் மேல் கியர் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்தபடி கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் காற்று போகும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், கையை வைக்கக் கூடாது. குழாயில் நிறைய என்று சொல்கிறீர்கள், சரி பார்க்கும் வரை நடுவட்டம் மலைப்பாதைப் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள். தனி இழை போட்டு, வடிகுழாய் படத்தையும் சேருங்கள்.